கம்பெனி சம்மதித்தால்தான் கட்டுரை வெளியிடலாமாம்: இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

சோதனைக்குழாய் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொங்குப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் உதவிப் பேராசிரியர் நான். பெயரும் ஊரும் வேண்டாமே.

கொட்டாங்குச்சிக் கரியைப் பக்குவப்படுத்திச் சாயக் கழிவுநீரில் நிறம் எடுக்கிற வேலை எங்களுடையது. ஆறு வருடமாகச் செய்கிறோம், நாலு கட்டுரை வந்திருக்கிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதிலிருந்து, இந்தப் பக்கம் யார் நிறம் எடுத்தாலும் ஆள் தேடி வரும். எங்களைத் தேடி ஒரு ரசாயனக் கம்பெனி வந்தது. இரண்டு வருடத்துக்கு 18 லட்சம். ஒரு மாணவிக்கு உதவித்தொகை, வாங்க வேண்டிய ரசாயனம், இழுத்துக்கொண்டு கிடக்கிற கருவிக்கு ரிப்பேர் என எல்லாம் அதில் அடங்கிவிடும்.

ஒப்பந்த வரைவு 11 பக்கம். படித்ததில் மூன்று இடம் உறுத்துகிறது. ஷரத்து 9.2: ஆய்வு முடிவு எதையும் கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வெளியிடவோ மாநாட்டில் பேசவோ கூடாது. எத்தனை நாளைக்கு என்று இல்லை. ஷரத்து 7: திட்டத்தில் பயன்படுகிற, திட்டத்தில் பிறக்கிற கண்டுபிடிப்பு எல்லாம் கம்பெனிக்கே. "பயன்படுகிற" என்றால் என் ஆறு வருடமும் சேர்ந்தா? அப்புறம், தகராறு வந்தால் மும்பையில் நடுவர் தீர்ப்பு.

ஒரு விசித்திரமும் உண்டு. வரைவில் மூன்று இடத்தில் "மருத்துவமனை" என்று வருகிறது. எங்களிடம் ஏது மருத்துவமனை?

கோப்பு எங்கள் லீகல் செல்லில் நாலு மாதமாக இருக்கிறது. கம்பெனி மேனேஜர் நல்ல மனிதர்தான். "சார், ரகசியக் காப்புப் பத்திரத்தில் நீங்கள் மட்டும் ஒரு கையெழுத்துப் போடுங்கள், சாம்பிளை அனுப்பிவிடுகிறோம், மற்றது மெதுவாக வரட்டும்" என்கிறார். போடலாமா?

பொன்னாடை_பூபதி

நாலு மாதம்தானா! எங்கள் கல்லூரியில் எம்.ஓ.யூ. என்கிற புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒரே நாளில் முடியும். காலையில் பேனர், பதினோரு மணிக்குப் பொன்னாடை, பன்னிரண்டுக்கு போட்டோ. கல்லூரிக்குத் தரம் போடுகிற நாக் குழு வரும்போது கோப்பில் எண்ணிக்கை இருந்தால் போதும். இதுவரை 41 எம்.ஓ.யூ. ஒன்றிலாவது ஒரு ரூபாய் வந்ததா என்று கேட்காதீர்கள்.

கோப்புக்காரர்

போடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம், முதலில் அதைச் செய்யாதீர்கள்.

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சித் திட்டப் பிரிவில் பதினான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தப் பேராசிரியரும் நம்பாத ஒரு விஷயம்: ஒப்பந்தம் செய்துகொள்ளும் தரப்பு நீங்கள் இல்லை. பல்கலைக்கழகம் அதற்கென்று போட்ட சட்டத்தால் பிறந்த ஒரு சட்டப்பூர்வ நபர். அதன் சார்பில் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் பெரும்பாலும் பதிவாளருக்கு. தொகையைப் பொறுத்து ஆட்சிக்குழு வரை போகும். ஆய்வை நடத்துகிற திட்ட முதல்வர் என்ற முறையில் "படித்தேன், புரிந்துகொண்டேன்" என்று கீழே ஒரு கையெழுத்துப் போடலாம், அவ்வளவுதான் உங்கள் பங்கு. தனியாகப் போட்டால் அது தனி ஆள் போட்டது. நாளைக்குக் கம்பெனி வழக்குப் போட்டால் நிர்வாகம் "எங்களுக்குத் தெரியாது" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடும். எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

லீகல் செல் ஏன் தூங்குகிறது என்றும் சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள். பல பல்கலைக்கழகங்களில் சட்ட ஆலோசகர் என்பவர் வாரத்தில் இரண்டு நாள் வந்து போகிற ஒரு வழக்கறிஞர். அவர் கையில் இருப்பதெல்லாம் பதவி உயர்வு வழக்கு, பணி நீக்க வழக்கு, ஓய்வூதிய வழக்கு. காப்புரிமை உரிமம், இழப்பீட்டு உறுதி என்றெல்லாம் எழுதிய காகிதம் வந்தால் அவருக்கும் புதிது. தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்வதைவிடச் சும்மா வைத்திருப்பது பத்திரம். அதனால் "கலந்து பேசலாம்" என்று குறிப்பெழுதித் திருப்புவார். அது மேசைக்கு மேசை சுற்றும்.

வழி இருக்கிறது. ஒரே பக்கத்தில் நீங்களே ஒரு குறிப்பு எழுதுங்கள். எந்த ஷரத்து, ஏன் ஆகாது, அதற்குப் பதில் என்ன வாசகம் வேண்டும், எதுவரை விட்டுக்கொடுக்கலாம். கோப்பின் மேல் அதை வைத்துக் கையோடு எடுத்துப் போங்கள். தபால் பிரிவில் போடாதீர்கள். ஆலோசகர் "ஆமோதிக்கிறேன்" என்று எழுதத் தயாராகத்தான் இருப்பார். எதை ஆமோதிப்பது என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும்.

"மருத்துவமனை" பற்றி: வேறு யாருக்கோ போட்ட ஒப்பந்தத்தை நகல் எடுத்து உங்கள் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.

கஷாயம்

மருந்தியல் ஆள் நான். அது மருந்துப் பரிசோதனை ஒப்பந்தத்தின் வாசகம், பார்த்ததுமே தெரிகிறது. அந்த 9.2-க்குப் பெரிய வரலாறே இருக்கிறது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ வளாகத்தில் பெட்டி டாங் என்று ஒரு மருந்தியலாளர். 1987-ல் தைராய்டு மாத்திரை செய்யும் கம்பெனிக்காக ஒரு ஆய்வை ஒப்புக்கொண்டார். அவர்களுடைய பிராண்ட் மாத்திரையும் மற்ற மாத்திரைகளும் உடலில் ஒரே மாதிரி வேலை செய்கின்றனவா என்பது கேள்வி. 2,50,000 டாலர். கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. சோதனைக்குழாய் சாரின் 9.2-தான், எழுத்து மாறாமல்.

நான்கு மாத்திரைகளும் சமம் என்று முடிவு வந்தது. அதாவது விலை அதிகமான மாத்திரைக்குத் தனிச்சிறப்பு இல்லை. கம்பெனிக்கு இது கசந்தது. ஆய்வில் குறை என்று வருடக்கணக்கில் கடிதம் மேல் கடிதம். 1995 ஜனவரியில் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் கட்டுரை அச்சேற இருந்தது. சில நாளைக்கு முன் டாங்கே அதைத் திரும்பப் பெற்றார். கம்பெனி வழக்குப் போட்டால் அவருக்காக வாதாட முடியாது என்று பல்கலைக்கழக வழக்கறிஞர்கள் கைவிரித்துவிட்டார்கள். விஷயம் பத்திரிகையில் வெளியாகி நாறிய பிறகு, 1997 ஏப்ரலில் கட்டுரை வந்தது. ஆய்வு முடிந்தது 1990-ல். ஏழு வருடம் அமெரிக்க நோயாளிகள் கூடுதல் விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இப்படி வெளியீட்டைத் தடுக்கும் ஷரத்து அந்தப் பல்கலைக்கழகத்தின் கொள்கைக்கே எதிரானது என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். கொள்கை அலமாரியில் இருந்தது, ஒப்பந்தம் ஆய்வகத்தில் கையெழுத்தானது.

ஸ்காபரோ_பனி

கஷாயம் அக்கா சொன்னதை வாசித்தவுடன் எங்கட டொராண்டோக் கதை ஞாபகம் வந்தது. நான்சி ஒலிவியேரி, சிக் கிட்ஸ் மருத்துவமனையில் இரத்தநோய் நிபுணர். தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய் உள்ள பிள்ளைகளுக்கு உடம்பில் சேரும் இரும்பை எடுக்கும் ஒரு மருந்தை அபோடெக்ஸ் கம்பெனியின் பணத்தில் பரிசோதித்தார். சிலருக்கு மருந்து வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் நோயாளிகளிடம் சொல்ல முனைந்தார். 1996-ல் கம்பெனி ஆய்வை நிறுத்தி, வாய் திறந்தால் வழக்கு என்றது. ஒப்பந்தத்தில் ரகசிய ஷரத்து இருந்தது. அவர் சொல்லிவிட்டார். 1998-ல் கட்டுரையும் போட்டார்.

அந்த நேரத்திலேயே டொராண்டோப் பல்கலைக்கழகம் அதே கம்பெனியிடம் பெரிய நன்கொடைக்குப் பேசிக்கொண்டிருந்தது. 2001-ல் கனடாப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் அமைத்த விசாரணைக் குழு அவர் பக்கம் நியாயம் என்று எழுதியது. இங்கே தலசீமியாப் பிள்ளைகளின் குடும்பங்களில் தெற்காசியக் குடும்பங்களும் உண்டு. எங்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

ஆலைக்கரும்பு

ஒரு தரப்பையே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் கம்பெனிப் பக்கம், ஆராய்ச்சிப் பிரிவு. அடிக்க வருவதற்கு முன் கேளுங்கள்.

9.2-ஐ எழுதுபவர்கள் எல்லோரும் உண்மையை மறைக்க எழுதுவதில்லை. எனக்கே நடந்தது: ஒரு பேராசிரியரோடு நல்ல வேலை, காப்புரிமைக்கு வரைவு தயாராகிக்கொண்டிருக்கிறது. அவருடைய மாணவர் ஒரு மாநாட்டில் போஸ்டர் ஒட்டிவிட்டார். எங்கள் கலவையின் விகிதம் உட்பட. விண்ணப்பிக்கும் முன் வெளியே போனால் புதுமை போயிற்று. இந்தியச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் அறிவியல் சங்கத்தில் வாசித்த கட்டுரைக்கு 12 மாத விலக்கு ஒன்று இருக்கிறது, ஆனால் அது இடுக்கு வழி. ஐரோப்பாவில் அதுவும் கிடையாது. பாவம், அந்தப் பையனைச் சொல்லிக் குற்றமில்லை. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அப்புறம் உங்கள் நாலு மாதம். எங்களுக்கு வருட பட்ஜெட் மார்ச்சில் முடிகிறது. ஜனவரியில் ஒதுக்கிய பணம் ஏப்ரலில் இல்லை. பல்கலைக்கழகம் மெதுவாகப் போனால் நாங்கள் காத்திருப்பதில்லை, பணம் வேறு வேலைக்குப் போய்விடுகிறது.

கம்பெனி காசு வந்தால் பல்கலைக்கழகமே விலைபோகும் என்கிற பயமும் கொஞ்சம் அதிகம். 1998-ல் பெர்க்லியில் ஒரு தாவர உயிரியல் துறைக்கே நோவார்டிஸ் ஐந்து வருடத்துக்கு 2.5 கோடி டாலர் கொடுத்தது. துறையின் கண்டுபிடிப்புகளில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு முதலில் பேரம் பேசும் உரிமை அவர்களுக்கு. வளாகமே கொதித்தது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, கம்பெனியும் அதிலிருந்து பெரிதாக எதையும் அள்ளிக்கொண்டு போகவில்லை.

சார், நடைமுறையில் நாங்கள் ஒத்துக்கொள்கிற வாசகம் இது: கட்டுரையை அனுப்பும் முன் 30 நாள் எங்களுக்குக் காட்டுங்கள். காப்புரிமைக்குரியது இருந்தால் இன்னும் 60 நாள் பொறுங்கள். எங்கள் ரகசியத் தகவல் இருந்தால் அதை மட்டும் நீக்கச் சொல்வோம். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் சம்மதம் என்று கொள்ளலாம். இதைக் கேட்டுப் பாருங்கள். நகல் எடுத்த ஒப்பந்தம் என்றால் அவர்களுக்கே 9.2 மேல் பிடிவாதம் இருக்காது.

கஷாயம்

ஆலைக்கரும்பு, 90 நாள் எனக்கும் சம்மதம். ஒரு வார்த்தை மட்டும் சேர்க்க வேண்டும்: உயிருக்கோ சூழலுக்கோ ஆபத்து தெரிந்தால் காத்திருக்கத் தேவையில்லை. சாயக் கழிவுநீரில் இது வெறும் ஏட்டுப் பேச்சு இல்லை. நாளைக்குக் கரியிலிருந்து ஏதாவது கசிந்து நொய்யலில் கலப்பது தெரிந்தால் 90 நாள் வாயை மூடிக்கொண்டு இருப்பாரா?

ஆலைக்கரும்பு

இருக்கக் கூடாது. சேர்க்கட்டும்.

மயிலை_வக்கீல்

காப்புரிமை வழக்குகள் பார்ப்பவன். ஷரத்து 7-க்கு வருகிறேன். எல்லோரும் 9.2-ஐயே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கு ஏழில்தான் பயம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கும் ரோஷ் கம்பெனிக்கும் நடந்த வழக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் அது முழுக்க ஒரு வினைச்சொல்லைப் பற்றியது. மார்க் ஹோலோட்னி என்ற ஆய்வாளர் 1988-ல் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்தபோது ஒரு தாளில் கையெழுத்திட்டார்: கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகத்துக்கு "மாற்றித்தர ஒப்புக்கொள்கிறேன்". டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்குகிற பி.சி.ஆர். நுட்பம் கற்க அவரை சீட்டஸ் என்ற கம்பெனிக்கு அனுப்பினார்கள். அங்கே வருகையாளர்களுக்கான ரகசியக் காப்புப் படிவம் ஒன்று. அதில் இருந்தது: "மாற்றித்தருவேன், இதன் மூலம் மாற்றித்தருகிறேன்". கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்ச் சில மாதம் வேலை செய்தார். எச்.ஐ.வி. கிருமியின் அளவை ரத்தத்தில் கணக்கிடும் முறை அதிலிருந்து வந்தது. சீட்டஸின் பி.சி.ஆர். தொழிலை 1991-ல் ரோஷ் வாங்கியது. 2005-ல் ஸ்டான்ஃபோர்டு ரோஷ் மேல் வழக்குப் போட்டது. 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு, 1980-ன் பே-டோல் சட்டப்படி உரிமை தானாகவே எங்களுக்கு வந்துவிடும் என்று பல்கலைக்கழகம் வாதிட்டது. அப்படித் தானாக வராது, கண்டுபிடித்தவர் எழுதிக் கொடுத்தால்தான் வரும் என்றது நீதிமன்றம்.

நம் ஊர்ப் பத்திர எழுத்தருக்கு இது அமெரிக்கா போகாமலே தெரியும். "கிரையம் செய்து தர சம்மதிக்கிறேன்" என்று எழுதினால் கிரைய உடன்படிக்கை. "கிரையம் செய்து கொடுத்தேன்" என்றால் கிரையப் பத்திரம். முதலாவதை வைத்து வழக்குத்தான் போடலாம். இரண்டாவதை வைத்துப் பட்டாவே மாற்றலாம். ஸ்டான்ஃபோர்டு கையில் இருந்தது உடன்படிக்கை, சீட்டஸ் கையில் இருந்தது பத்திரம். அதன் பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அவசர அவசரமாகத் தங்கள் படிவங்களில் வினைச்சொல்லை மாற்றின.

நமக்கு பே-டோல் மாதிரி சட்டமே இல்லை. 2008-ல் ஒரு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது, பிறகு திரும்பப் பெறப்பட்டது. ஆகவே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். சார், உங்கள் ஷரத்து 7-ல் என்ன வினைச்சொல் இருக்கிறது?

சோதனைக்குழாய்

வக்கீல் சார், பார்த்தேன். "இதன் மூலம் மாற்றித்தருகிறது".

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். டிசம்பரில் அவர்கள் ஆலையைப் பார்க்கப் போனேன். வாசலில் செக்யூரிட்டி அறையில் ஒரு நோட்டு, ஒரு படிவம். செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு, மஞ்சள் ஹெல்மெட்டைக் கையில் கொடுத்து, "இங்கே ஒரு கையெழுத்து சார்" என்றார்கள். போட்டேன். பாதுகாப்பு விதி என்று நினைத்தேன். பின்பக்கம் சின்ன எழுத்தில் ஏதோ இருந்தது. நகல் கேட்கவில்லை. உங்கள் கதையைப் படித்ததிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது.

மயிலை_வக்கீல்

நகல் கேளுங்கள். நாளைக்கே. மின்னஞ்சலில், மரியாதையாக: "எங்கள் அலுவலகக் கோப்புக்குத் தேவைப்படுகிறது." பயப்பட வேண்டாம், பல படிவங்களில் ஹெல்மெட்டுக்கு மேல் ஒன்றும் இருக்காது.

பொன்னாடை_பூபதி

இனி நான் மாலில் கார் நிறுத்தும் சீட்டைக்கூடப் படித்துவிட்டுத்தான் வாங்குவேன்.

பாத்தி

கோவையிலிருந்து. வேளாண் ஆராய்ச்சி. நம் ஊரிலேயே இருக்கிற உதாரணத்தை யாரும் சொல்லவில்லையே.

பி.டி. கத்தரிக்காய், அதாவது புழுவைத் தாங்க மரபணு மாற்றிய கத்தரி. மஹிகோ கம்பெனியின் மரபணுவை நம் கத்தரி ரகங்களில் ஏற்றுகிற வேலையில் கோவை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் இறங்கின. இங்கே கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 ரகங்கள். நம் பாட்டிமார் ரசத்துக்கும் வதக்கலுக்கும் பிரித்துச் சொல்லும் ரகங்களின் வழிவந்தவை. 2005-ல் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டார்கள். 2010 பிப்ரவரி 9-ல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பி.டி. கத்தரியை நிறுத்திவைத்தபோது எழுதிய குறிப்பில் இந்த ஒப்பந்தத்தையும் தொட்டார்: பொருளும் விதைமூலமும் யாருக்குச் சொந்தம், பல்கலைக்கழகம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதில் அது கவலைக்குரிய கேள்விகளை எழுப்புகிறது என்று.

யோசித்துப் பாருங்கள். ஒரு அரசுப் பல்கலைக்கழகம் என்ன செய்யலாம் என்பதை ஒரு அமைச்சர் ஒப்பந்தத்தைப் பிரித்துப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

தார்வாட் பக்கம் இன்னும் சிக்கல். 2002-ன் உயிரினப் பன்மயச் சட்டப்படி அனுமதி வாங்காமல் உள்ளூர் ரகங்களைப் பயன்படுத்தினார்கள் என்று பெங்களூரு அமைப்பு ஒன்று 2010-ல் புகார் கொடுத்தது. அடுத்த வருடம் தேசிய உயிரினப் பன்மய ஆணையம் நடவடிக்கைக்கு முடிவெடுத்தது. ஆராய்ச்சியாளர்கள் பெயரெல்லாம் வழக்கில் வந்தது. 2023 திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சட்டத்தில் சிறை இல்லை, அபராதம்தான். ஆனால் அன்றைக்கு அவர்கள் இரவெல்லாம் தூங்கியிருக்க மாட்டார்கள்.

எனக்கு மரபணு மாற்றத்தின் மேல் பகையில்லை. விதை கொடுத்த விவசாயிக்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்ததா என்பது மட்டும்தான் கேள்வி.

வரவுசெலவு

நிதிப் பிரிவு. சுருக்கமாக இரண்டு.

சார், கம்பெனி கொடுப்பது மானியமா, சேவைக் கட்டணமா? ஒப்பந்தத்தில் ஒரு சொல் மாறினால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 2024-ல் ஐ.ஐ.டி. டெல்லி உட்படச் சில நிறுவனங்களுக்கு ஆராய்ச்சி மானியத்துக்கும் வரி கேட்டு நோட்டீஸ் போனது. அந்த வருடம் செப்டம்பர் 9-ல் நடந்த ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 54ஆவது கூட்டத்தில், சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சிக்கு வாங்கும் மானியத்துக்கு விலக்கு என்று முடிவானது. தனியார் தரும் மானியமும் அதில் அடங்கும். ஆனால் "இன்னின்ன சோதனை செய்து இந்தத் தேதிக்குள் அறிக்கை தருவோம்" என்று எழுதினால் அது ஆலோசனைப் பணி, வரி உண்டு. உங்கள் 18 லட்சம் வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் பிற்பாடு உங்கள் ரசாயனப் பணத்திலிருந்து போகும்.

இரண்டாவது, இழப்பீட்டு ஷரத்து. பல்கலைக்கழகம் எவ்வளவு வரை பொறுப்பு என்று உச்சவரம்பு போடுங்கள். வாங்கிய தொகைக்கு மேல் போகாது என்று. வரம்பில்லாத இழப்பீட்டில் எந்த நிதி அலுவலரும் இனிஷியல் போட மாட்டார். கோப்பு தூங்குவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

சோதனைக்குழாய் (ஏழு வாரம் கழித்து)

மன்னிக்கவும், தேர்வுத்தாள் திருத்தும் வேலையில் இழுபட்டுவிட்டேன். என்ன ஆயிற்று என்று சொல்கிறேன்.

படிவத்தின் நகல் வந்தது. வக்கீல் சார், ஹெல்மெட் மட்டும் இல்லை. பின்பக்கம் நாலாவது பத்தி: வருகையின்போதோ அதன் விளைவாகவோ தோன்றும் மேம்பாடு, யோசனை அனைத்தும் கம்பெனியுடையது. அன்றைக்கு அவர்கள் தொட்டியருகே நின்றுகொண்டு, கரியைத் தூளாகப் போடாமல் உருண்டையாகப் பிடித்துப் போடலாமே என்று நான்தான் சொன்னேன். அது என் மாணவியின் யோசனை. அவர் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம்.

கோப்புக்காரர் ஐயா சொன்னபடி ஒரு பக்கக் குறிப்பு எழுதி நானே எடுத்துப் போனேன். ஆலோசகர் வருகிற செவ்வாயன்று காலை ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் "ஆமோதிக்கிறேன்" என்று எழுதினார்! நாலு மாதத்தை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: "இதை ஏன் முதலிலேயே எழுதவில்லை?"

9.2-ல் ஆலைக்கரும்பு சொன்ன 30, 60 நாள் அப்படியே வந்தது. அந்த ஷரத்து எப்படி வந்தது என்று கம்பெனிக்கே தெரியவில்லை, "மருத்துவமனை"யைக் காட்டியதும் மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். கஷாயம் மேடத்தின் வரிக்கு மட்டும் மூன்று வாரம் பேச்சு. "சூழல் ஆபத்து" என்று பொதுவாக எழுத மாட்டோம் என்றார்கள். கடைசியில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிப்பதை எந்த ஷரத்தும் தடுக்காது என்று வந்தது. முழுத் திருப்தி இல்லை. ஆய்வேடு சமர்ப்பிப்பதற்கும் வாய்மொழித் தேர்வுக்கும் எந்தத் தடையும் இல்லை என்று தனி வரி.

பின்னணி அறிவை, அதாவது திட்டத்துக்கு முன்பே எங்களிடம் இருந்ததை, தனி அட்டவணையாகப் போட்டோம். நாலு கட்டுரை, ஆய்வகக் குறிப்பேடுகள் 1 முதல் 9 வரை, மாணவியின் மூன்றாம் அத்தியாயம். இவை பல்கலைக்கழகத்துடையவை. நடுவர் தீர்ப்பு சென்னையில். புதுக் கண்டுபிடிப்பு இரு தரப்புக்கும் கூட்டு உரிமை என்று முடிவாகியிருக்கிறது. நல்லதுதானே?

மயிலை_வக்கீல்

கையெழுத்து ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றால் கூட்டு உரிமையில் கொஞ்சம் நில்லுங்கள்.

காப்புரிமைச் சட்டம் 50ஆம் பிரிவு. கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் தானே பயன்படுத்தலாம், மற்றவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் மூன்றாமவருக்கு உரிமம் கொடுக்கவோ தன் பங்கை விற்கவோ மற்றவர் சம்மதம் வேண்டும். கம்பெனியிடம் ஆலை இருக்கிறது, நாளைக்கே செய்து விற்கும். பல்கலைக்கழகத்திடம் என்ன இருக்கிறது? உரிமம் கொடுத்தால்தான் காசு, அதற்கு அவர்கள் சம்மதம் வேண்டும். பூர்வீக வீட்டில் பாதிப் பங்கு உங்களுக்கு, ஆனால் சாவி தம்பியிடம் என்கிற மாதிரி.

இரண்டில் ஒன்று கேளுங்கள். உரிமை பல்கலைக்கழகத்துக்கு, சாயத் துறையில் முதலில் உரிமம் கேட்கும் வாய்ப்பு ஆறு மாதத்துக்குக் கம்பெனிக்கு. அல்லது கூட்டு உரிமைதான் என்றால், சாயம் தவிர மற்ற துறைகளில் உரிமம் கொடுக்க இப்போதே சம்மதிக்கிறோம் என்று அவர்கள் எழுதட்டும். அப்புறம், இது மிக முக்கியம்: இந்த ஒப்பந்தத்துக்கு முன் இதே விஷயத்தில் கையெழுத்தான படிவங்கள் எல்லாம், அந்த டிசம்பர் படிவத்தைத் தேதியோடு குறிப்பிட்டு, செல்லாது என்று ஒரு ஷரத்து.

சோதனைக்குழாய் (பன்னிரண்டு நாள் கழித்து)

இரண்டாவதற்கு ஒப்புக்கொண்டார்கள். குடிநீர், மருந்து ஆலைக் கழிவு, தோல் பதனிடுதல் மூன்றும் எங்கள் கையில். டிசம்பர் படிவம் தேதியோடு ரத்து. மானியம் என்றே எழுதியிருக்கிறது, இழப்பீட்டு வரம்பு 18 லட்சம்.

ஸ்டாம்ப் பேப்பர் வாங்கியாயிற்று. பதிவாளர் வெள்ளிக்கிழமை கையெழுத்திடுகிறார். சாட்சியாக என் மாணவியைப் போடச் சொன்னேன், பெயரை "சுந்தரி" என்பதற்குப் பதில் "சுந்தர்" என்று அடித்திருந்தார்கள், திருத்திக்கொண்டிருக்கிறோம்.

பொன்னாடை_பூபதி

போட்டோ?

சோதனைக்குழாய்

மக்கள் தொடர்பு அலுவலர் பேனருக்கு அளவு கேட்டுவிட்டார்.

விதைநெல்

இழை முழுவதும் படித்தேன், நன்றி. எனக்கும் ஒரு சந்தேகம். எங்கள் நெல் ரகம் ஒன்றின் விதையைக் கேட்டு வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. 50 கிராம்தான். பேராசிரியர் "கவரில் போட்டு அனுப்பிவிடு" என்கிறார். ஒப்பந்தம் ஏதாவது வேண்டுமா?

பாத்தி

தம்பி, அனுப்பாதீர்கள். சென்னை தரமணியில் இருக்கிற தேசிய உயிரினப் பன்மய ஆணையத்தின் அனுமதி இல்லாமல் ஆராய்ச்சிக்கென்று ஒரு நெல்மணிகூட வெளிநாட்டுக்குப் போகக் கூடாது. கூட்டு ஆராய்ச்சித் திட்டம் என்றால் வேறு விதி, அதற்கும் காகிதம் வேண்டும். புது இழை தொடங்குங்கள், அந்த மின்னஞ்சலில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பெயர்களை நீக்கிவிட்டுப் போடுங்கள். கோப்புக்காரர் ஐயாவும் வருவார்.

கோப்புக்காரர்

வருகிறேன். அந்தக் கவரை மேசை மேல் வைக்காமல் பூட்டி வையுங்கள்.